கரட்டுப்புதூர் குண்டுக் கிடங்கும் ஓவர்சியர் அர்த்தநாரியும்

செய்தி வந்தபோது நான் நாமகிரிப்பேட்டைச் சந்தையில் ஓர் எருமையின் வாயைப் பிளந்து பல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று உலகத்திலும் இப்படி ஓர் எருமை கிடையாது என்று விற்கிறவன் சத்தியம் செய்துகொண்டிருந்தான். எங்கள் வீட்டில் முன்பு இருந்த எருமை கொட்டாவி விட்டால் ராசிபுரம் பஸ் உள்ளே போய்த் திரும்பிக்கொண்டு வெளியே வரும் என்று நான் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. அப்போது ராசிபுரத்திலிருந்து வந்த லாரி ஒன்று ஓரமாக நின்றது. டிரைவர் இறங்கி வந்து என் காதருகே, "ஓவர்சியர் போயிட்டாருங்க. மத்தியானம் சோறு உண்டுபோட்டு வெத்தலை கேட்டாராம். மடிச்சுக் கொண்டாறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க" என்றார். எருமையின் வாயை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அன்றைக்கு நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு என் துக்கத்தை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஓவர்சியர் அர்த்தநாரி என் தங்கையின் புருஷர். திருச்செங்கோட்டுக்காரர். வெடித்தால் சேலம் ஜில்லாவையே மரவள்ளிக் கிழங்கு மாதிரி பிடுங்கி ஆகாயத்தில் வீசக்கூடிய சரக்கை, பத்திரமாகப் படுக்க வைக்கக் கிடங்கு கட்டியவர். நான் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் பேசுகிற பேச்சு அவருக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். நான் எதையாவது அளந்துவிடும்போதெல்லாம் முழுக்கக் கேட்டுக்கொள்வார். கடைசியில், "மச்சான், அதுல முக்கால்வாசியைக் குறைச்சுக்குங்க" என்பார். மீதிக் கால்வாசியை நம்பினார் என்பதே எனக்குப் பெரிய கௌரவம். ஆகையால் அவரைப் பற்றி எழுதும் இதில் நானாகவே குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன். அங்கங்கே மிஞ்சியிருந்தால் அவர் மன்னிப்பார். பழகிப்போனவர்.

அவருடைய குணத்தை நாங்கள் அறிந்துகொண்டது அவர் கல்யாணத்தில். மணவறையில் உட்கார்ந்தவர், தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு, கட்டாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மேளக்காரர் கெட்டிமேளத்தை ஆரம்பித்துவிட்டு நிறுத்த முடியாமல் அடித்துக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளைக்கு வேறு பெண்மீது ஆசையோ என்று என் சித்தப்பா பல்லைக் கடித்தார். விஷயம் அதுவல்ல. ஓலைப் பந்தலுக்குப் பக்கத்திலேயே கோட்டை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காற்று பந்தல் பக்கமாக அடித்தது. "அடுப்பை அக்கட்டால தள்ளி வெச்சாத் தேவலைங்க. முகூர்த்தம் இன்னஞ் சித்தெ நேரம் இருக்குதுங்க" என்றார். சம்பந்திகளும் சமையல்காரர்களும் கொதிக்கிற சாம்பார் அண்டாவை மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு போன காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அடுப்பு அந்தப் பக்கம் உட்கார்ந்தது, இவர் இந்தப் பக்கம் தாலியைக் கட்டினார். சாம்பாரில் உப்புக் குறைவு என்று யாரும் சொல்லவில்லை; தூக்கியவர்களின் வியர்வை போதுமான அளவு சேர்ந்திருந்தது.

பர்மா கையைவிட்டுப் போனதும், பட்டாளத்துக் குண்டுகளைக் கடலோரத்தில் வைத்திருக்கக் கூடாது, உள்நாட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று மேலே யாரோ முடிவு செய்தார்கள். கரட்டுப்புதூரை ஒட்டிய மேட்டுக்காட்டைப் பிடித்தார்கள். கிடங்குக்குத் திட்டம் போடும் வேலை ராணுவக் கட்டட இலாகாவில் இருந்த என் மாப்பிள்ளையிடம் வந்தது. மண் வேலை கான்ட்ராக்டு என்னிடம் வந்தது. நான் வெட்டிப் போட்ட மண்ணை ஒன்றாகக் குவித்திருந்தால் கொல்லிமலை வெட்கப்பட்டுத் திருச்சிப் பக்கம் நகர்ந்திருக்கும்.

ஊர்க்காரர்கள் அதைக் 'குண்டுக் கொட்டாய்' என்றார்கள். பார்த்தால் கொட்டாய் மாதிரிதான் இருந்தது. கனமான சுவர், லேசான கூரை. இவ்வளவு கெட்டியாகச் சுவர் வைத்துவிட்டு மேலே தகரத்தைப் போட்டு மூடுகிறீர்களே, இது என்ன சிக்கனம் என்று கேட்டேன். வெடித்தால் வேகம் போவதற்கு வழி வேண்டும், அது மேலே போகட்டும், பக்கவாட்டில் போக வேண்டாம் என்றார். ஒவ்வொரு கொட்டகையைச் சுற்றியும் கூரை உயரத்துக்கு மண்கரை எழுப்பச் சொன்னார். கதவுக் கீல் பித்தளை. இரும்போடு இரும்பு உரசிப் பொறி பறக்கக் கூடாதாம். குண்டு ஓரிடத்தில், அதைக் கிளப்பிவிடும் திரிமருந்து வேறோர் இடத்தில். சண்டைக்காரப் புருஷனையும் பெண்டாட்டியையும் வேறு வேறு ஊரில் வைத்துக் குடும்பம் நடத்துவது மாதிரி.

எனக்கு வயிறெரிந்தது ஒன்றின் வெடி அடுத்ததைத் தொடாமலிருக்க இரண்டு கொட்டகைகளுக்கு நடுவே அவர் சும்மா விட்ட நிலத்தைப் பார்த்துத்தான். நல்ல செம்மண். குடியானவன் கண்ணுக்கு வெறும் நிலம் என்பது வாயைப் பிளந்துகொண்டு அழுகிற குழந்தை. ஒரு மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால், காவலுக்குப் போட்டிருந்த உள்ளூர் ஆட்களே நடுவில் கொள்ளு விதைத்திருந்தார்கள். முளைத்து ஜம்மென்று நின்றது. அர்த்தநாரி திட்டவில்லை. பச்சையாக இருக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, காய்ந்து சருகாவதற்கு முன்னால் ஊர் ஆடுகளைக் கூப்பிட்டு மேயவிட்டார். "மாப்பிள்ளைங்க, இத்தனை நெலத்தைச் சும்மா போட்டு வெக்கறீங்களே, மனசு ஆறலைங்க" என்றேன். அப்போது சொன்னார்: "மச்சான், நான் கட்டுறது கொட்டாய் இல்லைங்க. நடுவால கெடக்கற எடத்தைத்தான் கட்டுறேன். கொட்டாயெல்லாம் அதுக்கு வேலிங்க."

கிடங்குக்கு ஒரே வாசல். உள்ளே போகிற எவனாக இருந்தாலும் அங்கே நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். பீடி, தீப்பெட்டி, ஆணி அடித்த செருப்பு எல்லாம் வெளியே. பெண் கொடுத்த வீட்டுக்காரன் என்ற மரியாதைக்கு என்னை விட்டுவிடுவார் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு போனேன். என் தீப்பெட்டியை வாங்கி வைத்தார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அரைஞாணில் கோத்திருந்த இரும்பு முள்வாங்கியைக்கூட அவிழ்க்கச் சொன்னார்கள். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து அந்த முள்வாங்கி எங்கள் இடுப்பைவிட்டு இறங்கியதில்லை என்று அரற்றினேன். மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அவருடைய முள்வாங்கி எனக்கு முன்பே வாசலில் உட்கார்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த வேலையில்தான் வினை வந்தது. இன்னும் இரண்டு கொட்டகை சேர்த்துக் கட்ட வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. இடம் மிச்சமிருந்தது ஊர்ப் பக்கம்தான். அங்கே கட்டினால் கரட்டுப்புதூர் வீடுகளுக்கும் குண்டுக்கும் நடுவே வேண்டிய தூரம் இருக்காது. புதிதாக வந்திருந்த காப்டன் துரை, மாப்பிள்ளையோடு டேப் பிடித்து அளந்து பார்த்தார். தூரம் குறைகிறது என்று இருவருக்கும் தெரிந்தது. அப்படியானால் ஊரைக் காலி செய்துவிடுவது என்று துரை சொல்லிவிட்டார். சோள அறுப்பு முடிவதற்குள் எல்லோரும் கிளம்ப வேண்டும். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அது கணக்கு.

ஊர்க் கடைசியில் முதல் வீடு நல்லாயியுடையது. புருஷன் போனபின் தன் ஒரு மாட்டையும் இரண்டு மகன்களையும் வாயாலேயே கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவள். அவள் வாய்க்குப் பயந்து எங்கள் வண்டி மாடுகள் அந்த வீட்டைத் தாண்டும்போது கழுத்து மணியை அடக்கிக்கொண்டு போகும். அவள் மாப்பிள்ளையை வழிமறித்து நிறுத்தினாள்.

"ஏனுங் ஓவர்சியரே, என்ற ஊடு இங்க இருக்கறது என்ற மாமனாருக்கும் முன்னாலிருந்து. உங்க குண்டு நேத்து வந்துது. முன்னால வந்தவிய தள்ளிப் போகோணுமா, பின்னால வந்தது தள்ளிப் போகோணுமா?"

மாப்பிள்ளை, "நீங்க சொல்றது நாயந்தானுங்க" என்றார். அவர் தட்டில் சோறு அப்படியே இருக்கிறது என்று என் தங்கை எனக்குச் சொல்லி அனுப்பினாள். டன் கணக்கில் வெடிமருந்தைப் பார்த்து அசராத மனிதர் நல்லாயியின் ஒரு கேள்விக்கு இளைத்துப்போனார்.

ஊருக்குப் பேர் கொடுத்த பாறைக் கரட்டுக்கு மேற்கே முனியப்பன் பொட்டல் இருந்தது. கூரையில்லாத கோயில், வேலும் மண்குதிரையும் ஒரு வேப்பமரமும். வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைத்து அதிர்வேட்டுப் போடுவார்கள். புதுக் கொட்டகைகளை அங்கே கொண்டுபோனால் ஊர் தப்பும். ஆனால் பொட்டல் கம்பிவேலிக்குள் போய்விடும். அடுப்பு மூட்ட முடியாது, வேட்டுப் போட முடியாது. மாப்பிள்ளை இதை ஒளிக்காமல் ஊரில் போய்ச் சொன்னார். வீடா சாமியா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது. கடைசியில் பூசாரிதான், நாம் யார் முடிவு சொல்வதற்கு, அவரையே கேட்டுவிடலாம் என்றார்.

கேட்பது எப்படி என்று நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். சாமி முன்னால் கிடாயை நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடாய் உடம்பைச் சிலுப்பித் துளுக்கினால் சாமி சம்மதித்தது. துளுக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான், அப்பீல் கிடையாது.

குறித்த நாளன்று துரையும் வந்தார். தன் கிடங்கின் நிலப்படம் ஓர் ஆட்டின் முதுகில் முடிவாகப் போகிறது என்று கேள்விப்பட்டால் எந்தத் துரைதான் வராமல் இருப்பார்? தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கி வேப்பமரத்தடியில் நின்றார். நல்ல வெயில். பூசாரி வேண்டிக்கொண்டு தண்ணீர் தெளித்தார். கிடாய் அசையவில்லை. மறுபடி தெளித்தார். அது பட்டாபிஷேகத்துக்குக் காத்திருக்கும் மகாராஜா மாதிரி நிமிர்ந்து நின்று ஊரை ஒரு பார்வை பார்த்தது. நல்லாயி முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் மூடியிருந்ததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

ஆட்டைத் துளுக்க வைக்க எனக்கு வழி தெரியும். காதுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். செத்த ஆடுகூடத் துளுக்கும். விரல் நுனியில் ஒரு சொட்டை ஏந்திக்கொண்டு, சாமி கும்பிடுகிற பாவனையில் கிடாயின் பக்கம் மெல்ல நகர்ந்தேன். என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். மாப்பிள்ளை.

"வேண்டாமுங்க மச்சான். கேட்டது நாம. பதிலையும் நாமளே சொல்லிக்கிட்டா அப்பறம் எதுக்குங்க கேக்கறது? நாளைக்குத் தூரம் பத்தலைன்னா டேப்பையும் இப்பிடித்தான் இழுத்து வெப்பீங்க."

மெதுவாகத்தான் சொன்னார். சொட்டு என் விரலிலேயே காய்ந்துபோனது.

பூசாரிக்குப் பொறுமை போய்விட்டது. கடைசித் தடவையாக, கிணற்றிலிருந்து அப்போதுதான் சேந்தி வந்த செம்புத் தண்ணீரை மொத்தமாக வீசினார். கிடாய் நாசூக்காக ஓர் அடி விலகிக்கொண்டது. அத்தனை தண்ணீரும் பின்னால் நின்ற காப்டன் துரையின் பிடரியில் விழுந்தது. வெந்துபோயிருந்த உடம்பில் பாதாளத்துக் குளிர்ச்சி. துரை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஒரு சிலுப்புச் சிலுப்பினார். தொப்பி தனியாக விழுந்தது. மற்ற இடங்களில் இந்தக் கதையைச் சொல்லும்போது துரை ஓர் ஆள் உயரம் எழும்பினார், கிடாய் சலாம் போட்டது என்று சொல்வது என் வழக்கம். இங்கே அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். சிலுப்பியது மட்டும் நிஜம்.

பின்வரிசையில் ஒரு பெரியவர், "துளுக்கிருச்சு" என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். நல்லாயியின் வாயிலிருந்து முந்தானை விழுந்தது.

"சாமி ஆட்டைக் கேக்கலீங்க. தொரையத்தான் கேட்டிருக்குது. தொரை குடுத்துட்டாருங்க" என்றாள்.

துரை பிடரியைத் துடைத்துக்கொண்டே, இவர்கள் எதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள் என்று மாப்பிள்ளையைக் கேட்டார். நான் மாப்பிள்ளையின் காதைக் கடித்தேன்: துரைக்காகக் கட்டப்போகிற பங்களாவைச் சாமி கேட்கிறது, கொடுக்காவிட்டால் பல் கொட்டும் என்று சொல்லுங்கள். மாப்பிள்ளை அப்படிச் சொல்லவில்லை. வழக்கம் இன்னது என்றார். ஆடு துளுக்கவில்லை, ஆகையால் பொட்டலைத் தொட முடியாது என்றார். ஜனங்கள் உங்களைக் கேட்டதாக நினைக்கிறார்கள், ஆனால் உங்கள்மேல் பட்டது வெறும் கிணற்றுத் தண்ணீர் என்றும் சொல்லிவிட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதன் பிறகு கக்கத்தில் வைத்திருந்த நிலப்படத்தை எடுத்து ஜீப்பின் மூக்கில் விரித்தார். கரடு ஓரிடத்தில் குதிரை லாடம் மாதிரி வளைந்திருக்கும். மூன்று பக்கமும் பாறை. ஆயிரம் வண்டி மண் கொட்டினாலும் கிடைக்காத கரை. அவருடைய முதல் திட்டத்தில் கொட்டகை அங்கேதான் இருந்தது. அந்த இடத்தில் நிழலும் காற்றும் நன்றாக இருக்கிறதென்று மேலிடம் அதை அழித்துவிட்டு அதிகாரி பங்களா என்று எழுதிவிட்டது. அஸ்திவாரத்துக்குக் கயிறுகூடக் கட்டியாகிவிட்டது. புது இரண்டு கொட்டகைகளும் அங்கே போக வேண்டும், பங்களா ஊர் ஓரத்துக்கு வர வேண்டும் என்றார். ஓர் ஓவர்சியர் ஒரு வெள்ளைக்காரத் துரையின் வீட்டை ஊரார் முன்னிலையில் நகர்த்துகிறார். வேலை போயிற்று, அநேகமாக ஜெயில். தங்கையையும் குழந்தைகளையும் நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று அந்த நிமிஷமே எங்கள் வீட்டில் எந்த அறையை ஒழித்துக் கொடுப்பது என்று மனதுக்குள் பார்த்துவிட்டேன்.

துரை படத்தைப் பார்த்தார், கரட்டைப் பார்த்தார். அந்த ஊர் ஓரத்தில் இருப்பது எனக்கு ஆபத்தில்லையா என்று கேட்டார். மாப்பிள்ளை இங்கிலீஷில் சொன்ன பதிலை எனக்கு எட்டிய தமிழில் தருகிறேன்.

"உங்களுக்குப் போதாத தூரம் அவர்களுக்கும் போதாது. அவர்களுக்குப் போதும் என்று நான் கையெழுத்துப் போட்டால், நீங்களும் அங்கே படுத்துத் தூங்கலாம்."

துரை டேப்பைக் கேட்டார். வெயிலில் தானே நடந்து, கரட்டு வளைவிலிருந்து நல்லாயியின் மாட்டுக்கட்டுத்தறி வரை அளந்தார். திரும்பி வரும்போது சட்டை காய்ந்திருந்தது. மேலிடத்துக்கு நான் எழுதுகிறேன், பங்களாவின் வாசலை மட்டும் கிழக்குப் பார்த்து வை என்றார். அவர் நல்ல மனிதர்தான். சரியான கேள்வியைக் கேட்டார், கிடைத்த பதிலைத் தன் காலாலேயே சரிபார்த்துக்கொண்டார்.

கரட்டுப்புதூரில் ஒரு வீடும் நகரவில்லை. பொங்கலுக்குப் போடும் அதிர்வேட்டை மட்டும் ஏரிக்கரைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார். இதற்கு ஆட்டைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பூசாரியே ஒப்புக்கொண்டார். வெட்டுப்படாமல் தப்பிய கிடாய் மண்கரைகளில் காய்ந்த புல்லைத் தின்று, சம்பளமில்லாத சிப்பாயாகக் கொழுத்தது. துரைக்கு அண்டை வீட்டுக்காரியாக நல்லாயி வாய்த்தாள். அவருடைய நாய் அவள் கோழியை விரட்டிய அன்று அவள் பேசிய பேச்சு ஜப்பான் வரை கேட்டது. யுத்தம் சீக்கிரம் முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. மறுநாள் அவளே ஒரு செம்பு மோரோடு பங்களா வாசலில் நின்றாள். மாப்பிள்ளையும் சும்மா இருக்கவில்லை. என் தங்கையையும் குழந்தைகளையும் அழைத்துவந்து அதே ஊர் ஓரத்தில் வாடகைக்குக் குடியிருந்தார். என் சின்ன மருமகள் பிறந்தது அங்கேதான்.

யுத்தம் முடிந்து பெட்டிகளெல்லாம் லாரியில் ஏறிப் போய்ச் சேர்ந்தன. அத்தனை வருஷத்தில் அங்கே ஓர் ஓலைவெடிகூட வெடித்ததில்லை. துரை கப்பலேறும் முன்பு மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையையும் குலுக்கினார். அந்தக் குலுக்கலை நான் பிற்பாடு என்னென்னவாக வளர்த்திருக்கிறேன் என்பதை இங்கே சொல்லவில்லை.

ராசிபுரத்தில் அவருடைய வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோது கரட்டுப்புதூர் ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கியது. நல்லாயிக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது, வாய் தளரவில்லை. தலைமாட்டில் நின்றுகொண்டு, "எங்க ஊட்டை நகத்தாம தொரை ஊட்டை நகத்துன சாமி, சத்தமில்லாம படுத்திருக்குது பாருங்க" என்றாள். என் தங்கை அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் தங்கையே அந்தக் கிடாய்க் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்லி முடிக்கிறேன். போன கோடையில் என் எண்ணெய் மில்லுக்குப் பின்னால் ஒரு கிடங்கு கட்டினேன். மண்ணெண்ணெய் டின்களும் பஞ்சு மூட்டைகளும் அங்கே. அதை ஒட்டி ஆட்கள் படுக்க ஓர் அறை. மாப்பிள்ளை வந்து சுற்றிப் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. "மச்சான், இந்த ரூம்புல நீங்க படுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். அந்த வாரமே அறையை இடித்து, களத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினேன். நடுவில் கிடக்கும் நிலத்தில் ஒரு பருத்திச் செடிகூட இல்லை. என் கட்டிலையும் அந்த அறைக்கே கொண்டுபோய்விட்டேன். மத்தியானம் சாப்பிட்டதும் மில் ஆட்கள் ஆளுக்கொரு பாயில் விழுந்து குறட்டை விடுகிறார்கள். அவர்களுக்கு நடுவே நானும் கண்ணை மூடுகிறேன். மூடினதும் வந்துவிடுகிறது. அர்த்தநாரி எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது இந்தத் தூக்கம்.